ரத்த அழுத்த மாத்திரைகளில் இதயத்தைக் காப்பது எது?

ஒரே வயது, ஒரே 150/90 அழுத்தம். ஒருவருக்கு அம்லோடிபைன் மட்டும் எழுதியிருக்கிறது. இன்னொருவருக்கு ராமிப்ரில், பைசோப்ரோலால், கூடவே ஸ்பைரோனோலாக்டோன். இருவரும் மாத்திரை அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும். "எனக்கு ஒன்று போதும் என்றால் அவருக்கு ஏன் மூன்று? அவை நல்ல மருந்து என்றால் எனக்கு ஏன் எழுதவில்லை?" மருந்துச் சீட்டைப் பார்த்து இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியாது. எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையும் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனைத் தாளும் சேர்ந்துதான் சொல்லும்.

பிபி மாத்திரைகள் எல்லாமே அழுத்தத்தைக் குறைப்பவைதான். அவற்றில் சில அதோடு நிற்பதில்லை. அடிபட்ட இதயத் தசை மேலும் சீரழியாமலும் பார்த்துக்கொள்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிபடாத இதயத்துக்கு, எந்த மாத்திரை என்பதைவிட அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதே பெரிது. அடிபட்ட இதயத்துக்கு எந்த மருந்து என்பதே உயிர்ப் பிரச்சினை. இந்த இரண்டு நிலைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவருக்குப் பொருந்திய மாத்திரையை இன்னொருவர் கேட்டு வாங்கிப் போடும் ஆபத்தெல்லாம் வருகிறது.

இதயம் இன்னும் நன்றாக இருக்கிறதென்றால்

2021-இல் 48 ஆய்வுகளில் பங்கேற்ற 3,44,716 பேரின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மேல் அழுத்தம் 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறைகின்றன என்று தெரிந்தது. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலன். ஐந்து புள்ளி என்பது ஒரு சாதாரண மாத்திரையே எளிதாகக் கொடுத்துவிடும் குறைவு.

அப்படியானால் எந்த மாத்திரை? இதற்கு இன்றுவரை கிடைத்திருக்கும் மிகப் பெரிய நேரடிப் பதில் 'ஆல்ஹாட்' ஆய்வு. 55 வயதைத் தாண்டிய 33,357 பேருக்குக் குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை, அம்லோடிபைன், லிசினோப்ரில் மூன்றில் ஒன்றைக் கொடுத்து, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வந்தபோது, இதய நோயால் இறப்பதிலும் மாரடைப்பு வருவதிலும் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. மிகப் பழைய, மிக மலிவான நீர் மாத்திரை எதற்கும் சளைக்கவில்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் மற்ற இரண்டையும் அது முந்தியது என்றுகூடச் சொல்ல வேண்டும்.

அதே ஆய்வில் நான்காவதாக டாக்சசோசின் என்ற மருந்தும் இருந்தது. அதுவும் அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்கு வந்ததால் 2000-இலேயே அந்தப் பிரிவை நிறுத்தினார்கள். மருத்துவ உலகம் இதிலிருந்து கற்றது சாதாரணமானதல்ல. இரண்டு மருந்துகள் கருவியில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டலாம், இதயத்துக்கு அவை செய்வது வேறு வேறாக இருக்கலாம். டாக்சசோசினை இன்று முதல் மருந்தாக யாரும் எழுதுவதில்லை. மற்ற மருந்துகள் போதாதபோது, அல்லது புராஸ்டேட் வீக்கமும் சேர்ந்திருக்கும்போது கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

ஆக, இதயம் நன்றாக இருப்பவர்கள் மருந்தின் குடும்பப் பெயரைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. உடம்பு ஏற்றுக்கொள்கிற மாத்திரை, தினமும் மறக்காமல் போட முடிகிற மாத்திரை, அழுத்தத்தைச் சொன்ன அளவுக்குக் கொண்டுவருகிற மாத்திரை எதுவோ அதுதான் அவர்களுக்குச் சிறந்தது. காலையில் போடுவதா இரவில் போடுவதா என்ற பழைய வாதத்துக்கும் 2022-இல் 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'டைம்' ஆய்வு பதில் சொல்லிவிட்டது: வித்தியாசம் இல்லை. மறக்காத நேரத்தில் போட்டால் போதும்.

அடிபட்ட பிறகு இதயத்துக்குள் நடப்பது

ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அதை நம்பியிருந்த தசை அரை மணி நேரத்துக்குள் சாகத் தொடங்குகிறது. அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்ததும் ஆபத்து தீர்ந்தது என்றுதான் குடும்பத்தார் நினைப்பார்கள். இதயத்துக்குள் கதை அங்கேதான் தொடங்குகிறது. செத்த இடத்தின் சுவர் சில நாட்களில் மெலிந்து நீள்கிறது. மெல்ல அங்கே தழும்பு உருவாகிறது. மிச்சமுள்ள நல்ல தசை, குறைந்துபோன வேலையையும் சேர்த்துச் செய்யப் பார்க்கிறது. ரத்தம் குறைவாகப் போவதை உணர்ந்த சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது, அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் பெருகுகிறது, நரம்புகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இவை எல்லாம் ரத்தப்போக்கு ஏற்பட்ட ஒருவரைக் காப்பாற்ற உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடுகள். மாரடைப்பு வந்தவருக்கு அதே ஏற்பாடு எதிரியாகிறது. ஆஞ்சியோடென்சின் குழாய்களை இறுக்கி இதயத்தின் பளுவைக் கூட்டுகிறது. தசைச் செல்களைத் தடிக்க வைக்கிறது, இடையிடையே நார்த்திசுவைப் படர விடுகிறது. மாதங்கள் போகப் போக, கூம்பு வடிவில் இருந்த இடது கீழறை பந்து மாதிரி உருண்டு விரிகிறது. உருண்ட இதயம் இறைக்கும் திறனை இழக்கிறது.

எக்கோ அறிக்கையில் 'எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்' என்று ஒரு சதவீதம் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதன் அளவு அது. 55, 60 என்றால் நல்லது. 40-க்குக் கீழே என்றால், மேலே சொன்ன உருமாற்றம் நடந்துகொண்டிருக்கிறது அல்லது நடந்து முடிந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் வரும் பல முடிவுகள் அந்த ஒரு எண்ணைச் சுற்றியே இருக்கின்றன.

'ப்ரில்' மருந்துகளும் 'சார்ட்டன்' மருந்துகளும்

பிரேசிலின் ஜராராகா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். அந்த விஷத்தில் என்ன இருக்கிறது என்று செர்ஜியோ ஃபெரேரா தேடியதிலிருந்து தொடங்கிய பாதை, குஷ்மன், ஒண்டெட்டி என்ற இரு ஆய்வாளர்களின் கையில் காப்டோப்ரில் என்ற மாத்திரையாக முடிந்தது. 1981-இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆஞ்சியோடென்சின்-2 உருவாகும் கடைசிப் படியையே அது அடைத்துவிடுகிறது. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் எல்லாம் அதன் வழி வந்தவை.

பிபிக்காக வந்த மருந்து இதயத்தைக் காக்கிறது என்று முதலில் பளிச்சென்று காட்டியது 1987-இன் 'கன்சென்சஸ்' ஆய்வு. படுத்த படுக்கையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த 253 இதயச் செயலிழப்பு நோயாளிகள். ஆறு மாதத்தில், எனலாப்ரில் சாப்பிடாதவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். சாப்பிட்டவர்களில் 26 சதவீதம். இவ்வளவு சிறிய ஆய்வில் இவ்வளவு பெரிய இடைவெளி வருவது அபூர்வம். அடுத்து 1992-இல் 'சேவ்' ஆய்வு. மாரடைப்பு வந்து, எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 40 அல்லது அதற்குக் கீழே இருந்த 2,231 பேர். அவர்களுக்கு மூச்சிரைப்பு கிடையாது, கால் வீக்கம் கிடையாது, பார்த்தால் நோயாளி மாதிரியே தெரியாது. காப்டோப்ரில் கொடுத்தபோது மரணம் 19 சதவீதம் குறைந்தது. எனக்கு இந்த ஆய்வு மிக முக்கியமாகப் படுகிறது. அறிகுறி வருவதற்கு முன்பே, இதயம் உருண்டு விரிவதைத் தடுக்க முடியும் என்று நோயாளிகளிடமே நிரூபித்தது அது.

2000-இல் 'ஹோப்' ஆய்வு வந்தது. ராமிப்ரில் 10 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 22 சதவீதம் குறைந்தன. அழுத்தம் குறைந்ததோ 3/2 புள்ளிதான். "அழுத்தத்தைத் தாண்டிய பாதுகாப்பு" என்ற பேச்சு அப்போதுதான் பலமாகக் கிளம்பியது. இதில் ஒரு எச்சரிக்கை தேவை. அந்த ஆய்வில் மாத்திரையை இரவில் கொடுத்து, அழுத்தத்தைப் பகலில் அளந்தார்கள். சிலருக்கு மட்டும் 24 மணி நேரக் கருவியைக் கட்டிப் பார்த்தபோது மேல் அழுத்தம் சராசரியாக 10 புள்ளி இறங்கியிருந்தது. ஆகவே ஹோப் காட்டிய பலனில் ஒரு பெரிய பங்கு அழுத்தக் குறைவாலேயே வந்திருக்கக் கூடும். கன்சென்சஸ், சேவ் ஆய்வுகளுக்கு இந்தச் சந்தேகம் பொருந்தாது. அவர்களில் பலருக்கு அழுத்தம் உயர்வாகவே இல்லை.

ப்ரில் மருந்துகளின் தொல்லை வறட்டு இருமல். ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் அதே நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளை உடைக்கிறது. நொதியை அடைத்தால் பிராடிகைனின் தேங்கி, தொண்டையில் ஓயாத கிச்சுகிச்சு. சளி இருக்காது, இரவில் படுத்தால் அதிகமாகும், இருமல் மருந்து எதற்கும் அடங்காது. இது மாத்திரையால் வருவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் மார்பு எக்ஸ்ரேயும் ஆன்டிபயாட்டிக்குமாக அலைகிறவர்கள் உண்டு. அரிதாக முகமும் நாக்கும் வீங்கும். அது மூச்சையே அடைத்துவிடக்கூடியது, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அதற்குப் பிறகு அந்த வகை மாத்திரையை ஆயுளுக்கும் தொடக்கூடாது.

இங்கேதான் லோசார்ட்டன், வால்சார்ட்டன், டெல்மிசார்ட்டன் வருகின்றன. இவை நொதியை விட்டுவிட்டு, ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் இடத்தை அடைக்கின்றன. அதனால் பிராடிகைனின் தேங்குவதில்லை. 2008-இன் 'ஆன்டார்கெட்' ஆய்வில் 25,620 பேரிடம் ராமிப்ரிலையும் டெல்மிசார்ட்டனையும் மோதவிட்டார்கள். பாதுகாப்பு சமம். இருமலால் மாத்திரையை நிறுத்தியவர்கள் ராமிப்ரிலில் 4.2 சதவீதம், டெல்மிசார்ட்டனில் 1.1 சதவீதம். மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமானவர்களிடம் 2003-இல் நடந்த 'வேலியன்ட்' ஆய்வும் வால்சார்ட்டனைக் காப்டோப்ரிலுக்குச் சமமாகவே காட்டியது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால்? புதிதாகத் தொடங்கும் சாதாரண பிபிக்காரருக்கு நான் சார்ட்டன் பக்கமே சாய்வேன். பலன் சமம், தொல்லை குறைவு. மாரடைப்பு வந்து இதயம் பலவீனமானவருக்கு ப்ரில் மருந்துகளின் சாட்சியம் பழையது, ஆழமானது. இருமல் வராதவரை அதையே தொடர்வது நியாயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்கும் என்று மட்டும் நினைக்கக் கூடாது. ஆன்டார்கெட்டில் அப்படிச் சேர்த்துப் போட்டவர்களுக்குக் கூடுதல் பலன் ஏதும் கிடைக்கவில்லை, மயக்கமும் சிறுநீரகக் கோளாறும் பொட்டாசிய உயர்வும்தான் கூடின.

இதயச் செயலிழப்பு உறுதியான பிறகு மூன்றாவது வழியும் உண்டு. சகுபிட்ரிலும் வால்சார்ட்டனும் சேர்ந்த மாத்திரை. 2014-இன் 'பாராடைம்' ஆய்வில் அது எனலாப்ரிலையே 20 சதவீதம் பின்னுக்குத் தள்ளியது. ப்ரில் மருந்திலிருந்து இதற்கு மாறுகிறவர்கள் நடுவில் 36 மணி நேரம் இடைவெளி விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் முக வீக்கம் வரும் ஆபத்து அதிகம். பழைய அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை வீணாக்க வேண்டாமே என்று கூடவே போடுவது உண்மையான ஆபத்து. மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பீட்டா பிளாக்கர்: எப்போது, எவ்வளவு காலம்

இந்தக் குடும்பத்தைப் பற்றி மருத்துவர்களிடையே இன்றும் சூடான விவாதம் நடக்கிறது. ஜேம்ஸ் பிளாக் 1960-களில் புரோப்ரனோலாலை உருவாக்கினார், 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அட்ரினலினின் கையைக் கட்டிப்போட்டால் இதயம் மெதுவாகத் துடிக்கும், குறைந்த ஆக்சிஜனில் சமாளிக்கும் என்பதே அவர் யோசனை. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு மெதுவானால் அந்த ஓய்வு நேரம் நீள்கிறது. தாறுமாறான துடிப்பும் அடங்குகிறது. 1980-களின் தொடக்கத்தில் வந்த 'பி-ஹாட்' ஆய்வில், மாரடைப்பு வந்த 3,837 பேரில் புரோப்ரனோலால் சாப்பிட்டவர்களின் இறப்பு 7.2 சதவீதம், சாப்பிடாதவர்களின் இறப்பு 9.8 சதவீதம். அதன்பின் மாரடைப்பு என்றாலே ஆயுள் முழுக்க பீட்டா பிளாக்கர் என்பது வழக்கமாகிவிட்டது.

ஆனால் அந்தக் காலத்தில் ஸ்டென்ட் கிடையாது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் கிடையாது. அடைப்பு அப்படியே இருக்க, பெரிய தழும்போடு வீட்டுக்குப் போன இதயங்கள் அவை. இன்று சில மணி நேரத்தில் அடைப்பைத் திறந்துவிடுகிறார்கள். பலருக்கு எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 50-க்கு மேலேயே நிற்கிறது. இவர்களுக்கும் அதே மாத்திரை தேவையா என்று 2024-இல் 'ரெட்யூஸ்' ஆய்வு 5,020 பேரிடம் பார்த்தது. மரணமும் மறு மாரடைப்பும் சேர்ந்து, மாத்திரை போட்டவர்களில் 7.9 சதவீதம், போடாதவர்களில் 8.3 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். 2025-இல் ஸ்பெயினும் இத்தாலியும் சேர்ந்து சுமார் 8,500 பேரிடம் நடத்திய 'ரீபூட்' ஆய்வும் அதையே சொன்னது. அதே சமயத்தில் வந்த டென்மார்க், நார்வே ஆய்வில் சிறிய பலன் தெரிந்தது. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தபோது, எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 40-க்கும் 49-க்கும் இடையில் இருப்பவர்களுக்குப் பலன் உண்டு என்று தெரிகிறது. 50-க்கு மேல் இருப்பவர்களுக்குக் கேள்விக்குறிதான்.

40-க்குக் கீழே என்றால் விவாதத்துக்கே இடமில்லை. பலவீனமான இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் விஷம் என்று பாடப் புத்தகங்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1975-இல் சுவீடனின் கோதன்பர்க்கில் வாக்ஸ்டைனும் கூட்டாளிகளும் ஏழு நோயாளிகளுக்குத் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள். தேறினார்கள். உலகம் ஏற்றுக்கொள்ள இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1999-இல் பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால் இரண்டின் ஆய்வுகளும் மரணத்தை 34 சதவீதம் குறைத்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் இரண்டையும் பாதியிலேயே முடித்தார்கள். கார்வெடிலாலும் இந்த வரிசையில் சேர்ந்தது. இதயச் செயலிழப்புக்கு நிரூபணமானவை முக்கியமாக இந்த மூன்றுதான், அதிலும் மெட்டோப்ரோலால் என்றால் மெதுவாகக் கரையும் சக்சினேட் வகை. "எல்லாம் பீட்டா பிளாக்கர்தானே" என்று அட்டெனோலாலை அந்த இடத்தில் வைக்கக் கூடாது.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் அந்த மணி நேரத்திலேயே ஊசியாகக் கொடுத்தால் தசை மிஞ்சுமா? மிகவும் ஆசை காட்டும் கேள்வி இது. 2013-இல் 'மெட்டோகார்ட்' ஆய்வில், முன்சுவர் மாரடைப்பு வந்த 270 பேரில் ஸ்டென்டுக்கு முன்பே மெட்டோப்ரோலால் ஊசி பெற்றவர்களுக்குச் செத்த தசையின் அளவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அடைப்பு திறந்ததும் பாய்ந்து வந்து தசையைச் சேதப்படுத்தும் வெள்ளணுக்களை அது அடக்குகிறது என்று பிறகு விளக்கினார்கள். 2016-இல் 683 பேரிடம் செய்த இன்னோர் ஆய்வில், குறைந்த அளவு மருந்தோடு, அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, 2005-இல், சுமார் 46,000 பேர் பங்கேற்ற பெரிய சீன ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியிருந்தது: ஊசி மறு மாரடைப்பைக் குறைத்தது, ஆனால் இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாத அதிர்ச்சி நிலைக்குப் போவதை 30 சதவீதம் கூட்டியது. ஆகவே இது ஆம்புலன்சிலும், ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபிலும் இருக்கும் நிபுணர் நாடியையும் அழுத்தத்தையும் நுரையீரலையும் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். நெஞ்சு வலிக்கும்போது வீட்டில் இருக்கும் பீட்டா பிளாக்கரை எடுத்துக் கூடுதலாக விழுங்குவது பெரும் தவறு.

அழுத்தத்துக்கு மட்டும் முதல் மருந்தாக இதைத் தொடங்கலாமா? நான் வேண்டாம் என்பேன். 2002-இன் 'லைஃப்' ஆய்வில், இதயச் சுவர் தடித்த 9,193 பேரிடம் லோசார்ட்டன் அட்டெனோலாலைவிடப் பக்கவாதத்தை 25 சதவீதம் குறைத்தது. 2005-இன் 'ஆஸ்காட்' ஆய்விலும் அம்லோடிபைன் கூட்டணியிடம் அட்டெனோலால் கூட்டணி தோற்றது. ஆஞ்சைனா என்ற நெஞ்சு வலி, படபடப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு, பலவீனமான இதயம் ஆகிய காரணங்களில் ஒன்று இருந்தால் பீட்டா பிளாக்கர். இல்லையென்றால் பின்வரிசை. ஆஸ்துமா இருப்பவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அம்லோடிபைன், அதன் உறவினர்கள்

அம்லோடிபைன் நம்பகமான உழைப்பாளி. அழுத்தத்தை நன்றாக இறக்கும், ஒரு நாள் மறந்தாலும் உடம்பில் தங்கியிருக்கும், பக்கவாதத்தைத் தடுப்பதில் வலுவானது. கணுக்கால் வீங்கும், அது இதயம் பழுதானதால் வருவதல்ல. அடிபட்ட தசையைக் காக்கும் தனித் திறமை இதற்கு இல்லை, பலவீனமான இதயத்துக்குக் கெடுதலும் செய்வதில்லை. உறவினர்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. டில்டியாசெமும் வெரபமிலும் இதயம் சுருங்கும் பலத்தையே குறைப்பவை. 1988-இன் ஆய்வில், மாரடைப்புக்குப் பின் நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு டில்டியாசெம் தீங்கே செய்தது. பீட்டா பிளாக்கரோடு சேர்ந்தால் துடிப்பு அபாயகரமாக இறங்கும். உடனடியாகக் கரையும் நிஃபெடிபைனை நாக்கின் அடியில் வைத்து அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் பழக்கம் இருந்தது. அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் வரவழைத்ததால் கைவிடப்பட்டது. இன்றும் யாராவது அதைச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இரண்டு மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு 2008-இன் 'அக்கம்ப்ளிஷ்' ஆய்வு ஒரு வழி காட்டியது. ப்ரில் வகை மருந்தோடு அம்லோடிபைனைச் சேர்த்தவர்கள், அதே ப்ரில்லோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையைச் சேர்த்தவர்களைவிட 20 சதவீதம் குறைவான இதய பாதிப்புகளைச் சந்தித்தார்கள். இரண்டும் ஒரே மாத்திரையாக வருவதை வாங்கினால் மறதிக்கும் மருந்தாயிற்று.

நீர் மாத்திரைகளில் ஒன்று தனி

ஸ்பைரோனோலாக்டோன் சிறுநீரைக் கூட்டும் மருந்துதான், ஆனால் அதன் இதய வேலை வேறு. இதயத்தில் நார்த்திசு படர வைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அது தடுக்கிறது. 1999-இன் 'ரேல்ஸ்' ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு இருந்த 1,663 பேரின் மரணம் 30 சதவீதம் குறைந்தது. 2003-இல் அதே வகை மருந்தான எப்லெரனோன், மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமானவர்களிடம் மரணத்தை 15 சதவீதம் குறைத்தது. அப்படியானால் மாரடைப்பு வந்த எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். 2024-இல் 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 'கிளியர்' ஆய்வு அதைத்தான் செய்தது. பலன் இல்லை. பலவீனமான இதயத்தில் உயிர்காக்கும் மருந்து, பலமான இதயத்தில் வெறும் மாத்திரை. பீட்டா பிளாக்கரில் பார்த்த அதே பாடம்.

ரேல்ஸ் வெளியானதும் கனடாவின் ஒன்டாரியோவில் இந்த மருந்தைத் தாராளமாக எழுதினார்கள். பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையும் கூடவே ஏறியது. ப்ரில் அல்லது சார்ட்டனோடு இதைச் சேர்த்தால், தொடங்கிய ஓரிரு வாரங்களிலும், பிறகு அவ்வப்போதும் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்தே தீர வேண்டும். மூட்டு வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கீமோதெரபிக்குப் போகிறவர்கள்

இதயத்துக்கு அடி, அடைப்பால் மட்டும் வருவதில்லை. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து, சேரச் சேர இதயத் தசையைச் சேதப்படுத்தும். உடம்பின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் சேர்ந்தவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கும், 550 சேர்ந்தவர்களில் சுமார் 26 சதவீதத்தினருக்கும் இதயச் செயலிழப்பு வந்ததாகப் பழைய தரவுகள் காட்டுகின்றன. அடி எந்த நாளில் விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும் அபூர்வமான இடம் இது. அதனால் பிபி மாத்திரையை முன்பே கொடுத்துக் காக்கலாம் என்ற நம்பிக்கை இயல்பாகப் பிறந்தது.

2006-இல் இத்தாலியில், அதிக அளவு கீமோவுக்குப் பின், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் ஏறிய 114 பேரில் பாதிப் பேருக்கு எனலாப்ரில் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களில் 43 சதவீதத்தினரின் இதயம் பலவீனமானது. கொடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. கேட்டவுடன் மனம் துள்ளும் முடிவு. பிறகு வந்தவை அவ்வளவு ஒளியாக இல்லை. 2016-இல் 'பிரடா' ஆய்வில், மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்குக் கொடுத்த கேன்டிசார்ட்டன் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷனின் சரிவை 2.6 புள்ளியிலிருந்து 0.8 ஆகக் குறைத்தது, மெட்டோப்ரோலால் எதுவும் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது கேன்டிசார்ட்டனின் அந்தச் சிறிய வித்தியாசமும் மறைந்திருந்தது. 2018-இல் கார்வெடிலால் ட்ரோபோனினைக் குறைத்தது, இதயத்தின் இறைக்கும் திறனில் மாற்றம் தரவில்லை. ட்ராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து பெற்ற 468 பேரிடம் 2019-இல் நடந்த ஆய்வில், முன்பே டாக்சோரூபிசின் வகை மருந்து பெற்றவர்களுக்கு மட்டும் லிசினோப்ரிலும் கார்வெடிலாலும் உதவின.

எனவே கீமோவுக்குப் போகும் எல்லோரும் பிபி மாத்திரை கேட்பதில் பொருளில்லை. ஏற்கெனவே அழுத்தம் இருப்பவருக்குக் கணக்கு வேறு. எப்படியும் ஒரு மாத்திரை போடத்தான் போகிறார், அது கேன்டிசார்ட்டனாகவோ ப்ரில்லாகவோ, தேவைப்பட்டால் கார்வெடிலாலாகவோ இருந்தால் இழப்பு ஒன்றுமில்லை, கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்தாலும் லாபம். தொடங்கும் முன் ஒரு எக்கோ எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எடுக்கும் எக்கோவை ஒப்பிட அதுதான் ஆதாரம். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக நீர் வற்றிய நாட்களில் இந்த மாத்திரைகளை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும் முன்

கடைசியாக எடுத்த எக்கோ, கிரியேட்டினின், பொட்டாசிய அளவு, வீட்டில் உட்கார்ந்த நிலையில் எடுத்த அழுத்தமும் நாடித்துடிப்பும், முன்பு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்ற விவரம். இவ்வளவும் கையில் இருந்தால் மேலே சொன்ன தேர்வில் பெரும்பகுதி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கர்ப்பமாக இருக்கும், அல்லது குழந்தைக்குத் திட்டமிடும் பெண் ப்ரில், சார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றையும் தவிர்க்க வேண்டும். அவருக்கு லேபெட்டலால், மெதுவாகக் கரையும் நிஃபெடிபைன், மெத்தில்டோபா என்று வேறு வழிகள் இருக்கின்றன.

பல வருடமாக பீட்டா பிளாக்கர் போட்டுவரும், இதயம் நன்றாக இருக்கும் ஒருவர், புதிய ஆய்வுகளைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடலாம் என்று நினைக்கக்கூடும். 2024-இன் 'அபிஸ்' ஆய்வில் அப்படி நிறுத்தியவர்கள், தொடர்ந்தவர்களைவிட இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வது அதிகமாக இருந்தது. புதிதாகத் தொடங்காமல் இருப்பதும், போட்டுவருவதை நிறுத்துவதும் ஒன்றாகாது. திடீரென்று நிறுத்தினால், இத்தனை நாள் அடங்கியிருந்த அட்ரினலின் ஒரே நேரத்தில் இதயத்தின் மேல் பாயும். ஆஞ்சைனாவும் மாரடைப்பும்கூட வரலாம். நிறுத்துவதென்று மருத்துவர் முடிவு செய்தாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாகக் குறைத்து, அந்த நாட்களில் தினமும் நாடியைப் பார்த்துக் குறித்துவர வேண்டும்.